எர்த்துக்கு ஒரு குடம் தண்ணீர்

போன வாரம் வீட்டுக்கு இன்வெர்ட்டர் மாட்ட எலக்ட்ரீசியன் ஜோதி வந்திருந்தார். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தார், டெஸ்டரைக் காதுமடலில் செருகிக்கொண்டார், "எர்த்து எங்கம்மா போட்டோம்? எனக்கே மறந்துபோச்சு" என்றார். தோட்டத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் என்று காட்டினேன். அங்கே பழைய சாக்கு, உடைந்த பக்கெட், காய்ந்த தென்னைமட்டை எல்லாம் கிடந்தன. அவற்றைத் தள்ளிப் பார்த்தால் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று சாண் உயரத்துக்குத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஜோதி மீட்டரை வைத்துப் பார்த்தார். "எர்த்து செத்துப்போச்சும்மா" என்றார். தெருவில் யாராவது செத்துப்போனால் சொல்கிற அதே குரல். எதற்கும் ஒருமுறை நனைத்துப் பார்ப்போம் என்று ஒரு குடம் தண்ணீர் கேட்டார்.

நான்தான் கொண்டுபோய் ஊற்றினேன். மண் மடமடவென்று குடித்தது. குடித்து முடித்ததும் கரியும் உப்பும் துருவும் கலந்த ஒரு வாசனை மேலே வந்தது. மற்றவர்கள் மூக்குக்கு அது சாக்கடை ஓரத்து வாசனையாகத்தான் இருக்கும். எனக்கு அது பாட்டு வாசனை. பாட்டுக்கு ஏது வாசனை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்க இப்போது ஆள் இல்லை, நீங்களாவது கேளுங்கள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்தான் எனக்கு முதல் வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். கிருத்திகை நாளில் கோயில் கூட்டம் ஏறிவிட்டால் மயிலம் கூட்ரோடு வரைக்கும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அவர்கள் இறங்கிப்போன பிறகும் பஸ்ஸுக்குள் கற்பூர வாசனை அடித்துக்கொண்டே இருக்கும். சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி எழுதி வைத்திருப்பார்கள். உள்ளே ஏசி. எங்களுக்காக என்று நினைத்துவிடாதீர்கள், கம்ப்யூட்டருக்கு வேர்க்கக் கூடாதே, அதற்காக. மே மாதத்தில் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் நான்.

பத்திரிகை வேலை இல்லாத நேரத்தில் சிடியில் பாட்டு ஏற்றிக் கொடுப்போம். இன்றைக்கு அதைத் திருட்டு என்கிறார்கள். அன்றைக்கும் திருட்டுதான், ஆனால் வாசலில் போர்டு வைத்துச் செய்தோம். பாட்டைப் பிழிந்து சின்னதாக்கினால் ஒரு சிடியில் நிறையப் பிடிக்கும். எவ்வளவு பிழிகிறோமோ அவ்வளவு பாட்டு. வருகிறவர்கள் எல்லாரும், "இன்னும் ரெண்டு பாட்டு அடச்சுக் குடுங்க" என்றுதான் நிற்பார்கள். கடைசி பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற கண்டக்டரைப்போல நானும் அடைத்து அடைத்துக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்படி ஒரு நாள் ஒருவர் வந்தார். சட்டை, தலைமுடி, புருவம் எல்லாவற்றிலும் மல்லாட்டைத் தோல் தூள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். ஊருக்கு வெளியே மல்லாட்டை உடைக்கிற மில்லில் மிஷின் ஓட்டுகிறவர். பெயர் ஏழுமலை. பச்சை மல்லாட்டை வாசனையோடு அந்த ஏசி ரூமுக்குள் வந்து நின்று, நான் கொடுத்த சிடியை என் மேசைமேல் வைத்தார்.

"ஏங்க, இதுல பாட்டு மூடிக்கினு இருக்குதுங்க."

"ப்ளே ஆகலையா?"

"ஆவுது. ஆனா மூடிக்கினு இருக்குது. ஜன்னல சாத்திட்டு உள்ளாற பாடுறா மாதிரி. கொஞ்சம் தொறந்து குடுங்களேன்."

எந்தப் பட்டனை அமுக்கினால் பாட்டு திறக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு எத்தனை பாட்டு வேண்டும் என்று கேட்டேன். "பத்து போதுங்க. நூறு பாட்டு இன்னாத்துக்கு? பத்து குடுங்க, முழுசா குடுங்க" என்றார். அந்த சென்டரில் குறைவாகக் கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் எப்படிக் கல்யாணம் ஆனது என்று நீங்கள் கேட்கலாம். சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சிடி கொடுக்க வந்தார், சிடி வாங்க வந்தார், பிறகு எதுவும் இல்லாமலும் வந்தார். ஓனர் ஒரு நாள், "இன்னாம்மா, அந்த மல்லாட்டக்காரருக்கு இன்னும் பாட்டு தொறக்கலியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஸ்வெட்டருக்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் பேசினார்கள், முடித்தார்கள். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் என் அப்பா கட்டிய வீட்டுக்கே அவரும் வந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று அவருடைய மில் ஆட்கள் கிண்டல் செய்ததாகக் கேள்வி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காது அவருக்கு வேறு வேலைக்காக இருந்தது.

மல்லாட்டை உடைக்கிற மிஷின் ஓடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் நின்று பேச முடியாது, கையை ஆட்டித்தான் பேச வேண்டும். பகல் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் நின்றுவிட்டு, திண்டிவனத்திலிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்து முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். "இப்பதான் குளிச்சீங்களே, சாப்டுட்டு உக்காரக்கூடாதா?" என்றால், "உடம்பதானே கழுவினேன், இன்னும் காதக் கழுவல" என்பார். அப்புறம் ஒன்று சொல்வார்: "கழுவுறதுன்னா தண்ணி சுத்தமா இருக்கணுமில்ல?" அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இத்தனையும்.

அவரிடம் சோதனைக்கு என்றே ஒரு பாட்டு இருந்தது. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது போய்விடும். வீணையில் ஆரம்பிக்கும். ஒரு பெண்குரல். சரணம் தொடங்குவதற்கு முன்னால் அந்த அம்மா ஒரு மூச்சு இழுப்பார். சின்ன மூச்சு. கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் அது உங்களுக்குக் கேட்டிருக்காது, டீக்கடையிலும் கேட்டிருக்காது. எனக்கும் கேட்டதில்லை. அந்த இடம் வரும்போது ஏழுமலை ஒரு விரலைத் தூக்குவார். "இப்ப... இதோ... மூச்சு வந்துச்சா?" எனக்கு ஒன்றும் வராது. வந்துச்சு என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். மூச்சே விடாமல் யாராவது பாடுவார்களா, இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

முதலில் எங்களிடம் இருந்தது அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர். அதன் பின்பக்கத்து ஓட்டையில் ஸ்பீக்கர் ஒயரைச் செருகினால் பாட்டோடு கம்ப்யூட்டரின் வயிற்றுச் சத்தமும் சேர்ந்து வரும். மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் கிர்ர் என்று ஒரு சத்தம். "எலி ஓடுது பாரு" என்பார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எதையெதையோ படித்துவிட்டு, சென்னைக்கு ஆள் விட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பா வாங்கினார். பாட்டு கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்ணாக இருக்கிறது, அதைச் சத்தமாக மாற்றுகிற வேலையை அந்தப் பெட்டிக்குள்ளேயே செய்யக் கூடாது, வெளியே இந்த டப்பாவில் செய்ய வேண்டும் என்றார். டப்பா வந்ததும் எலி ஓடிவிட்டது.

பிறகு செட்டிங். கம்ப்யூட்டரில் வால்யூம் முழுசாக இருக்க வேண்டும், ஆம்ப்ளிஃபையரில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். கச்சேரி ஹால், குகை, மைதானம் என்று கம்ப்யூட்டர் தானாகப் போடுகிற வித்தை எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். பாட்டு எந்த அளவில் பதிவானதோ அதே அளவில் வெளியே வர வேண்டும். "நடுவுல இவன் மூக்க நுழைக்கக் கூடாது" என்று கம்ப்யூட்டரைக் காட்டிச் சொல்வார். இன்டர்நெட்டில் முழுப்பாட்டு என்று பெயர் போட்டுக் கிடப்பதில் பாதி ஏற்கெனவே பிழிந்ததாம். சக்கையில் தண்ணீர் ஊற்றிக் கரும்புச்சாறு என்று விற்கிற வேலை. அதனால் லீவு நாளில் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரிஜினல் சிடியாகத் தேடி வாங்கி வந்து, பிழியாமல் அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவார். ஊரெல்லாம் பாட்டைப் பிழிந்து கொடுத்தவளின் வீட்டில் இது நடந்தது.

இவ்வளவும் ஆன பிறகுதான் அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து, "சே, இன்னா இது, எப்பப் பாரு உம்முனு இருக்குது" என்கிறார். அன்றைக்கு அவர் அம்மா வந்துவிட்டுப் போயிருந்தார். போகும்போது என் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது உண்மைதான். "ஆமா, உம்முனுதான் இருப்பேன், இன்னா இப்ப?" என்று ஈரக் கையோடு போய் நின்றேன். அவர் திகைத்துப்போய், "உன்ன யாரு சொன்னாமே? ஸ்பீக்கர சொன்னேன்" என்றார். பிறகு இரண்டு பேருமாகக் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தோம். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆனால் உள்ளே யாரோ வாயை மூடிக்கொண்டு இருக்கிறமாதிரி, விடாமல், மெல்லிசாக, உம்ம்ம் என்று ஒரு சத்தம்.

அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், "யாரு உம்முனு இருக்கறது, நீயா ஸ்பீக்கரா?" என்பது வழக்கமான கேள்வியாகிவிட்டது.

அந்த உம்முக்கு வைத்தியம் பார்க்கத்தான் ஜோதி முதல்முறை வந்தார். என் அப்பா வீடு கட்டும்போது எர்த்து என்ற ஒன்றை நினைத்தே பார்க்கவில்லை. ஸ்விட்ச் போர்டில் மூன்றாவது ஓட்டை இருந்தது, அதற்குப் பின்னால் ஒயர் இல்லை. சும்மா அழகுக்கு ஓட்டை. வேண்டாத கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழி இல்லாததால்தான் ஸ்பீக்கர் உம் என்கிறது என்றார். ஜோதி தோட்டத்தில் இடுப்பளவுக்கும் மேலே குழி தோண்டி, குழாயை நிறுத்தி, கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். "டெய்லி ஒரு கொடம் தண்ணி ஊத்தணும்மா. காஞ்சா வேல செய்யாது" என்றார். ஊற்றியதும் ஸ்பீக்கரில் அந்த உம் நின்றுபோனது. அன்றிலிருந்து காலையில் வாசல் தெளித்த கையோடு எர்த்துக்கும் ஒரு குடம். அவர் காது கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன் என்றால் பொய்யில்லை.

இதில் ஒரு கூத்து நடந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா மதிலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குழிக்குள் கை கையாக உப்பு போட்டது, காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் குடத்தோடு போவது, ஊற்றிவிட்டு ஒரு நிமிடம் நிற்பது. நான் நின்றது தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க. உப்பு போடுவது எந்தச் சாமிக்கு என்று அக்காவுக்குத் தெரியாதா? ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் குழாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திப் பூ ஒரு முழம் சுற்றியிருந்தது. "உடம்புல மரு வந்து பேஜாரா இருந்துச்சு, நானும் ஒரு கை உப்பு போட்டு வேண்டிக்கினேன். கொட்டிப்போச்சு தெரியுமா? எந்த அம்மன்டி இது?" என்று ரகசியமாகக் கேட்டார். ஏழுமலையிடம் சொன்னதும், "சொல்லாத, உப்பு போட்டா நமக்கு நல்லதுதானே" என்றார். ரொம்ப நாள் எங்கள் எர்த்துக்கு வெள்ளிக்கிழமை உப்பு அக்கா செலவு.

எல்லாம் கூடிவந்த ஒரு நாள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பகல். மழை பெய்து விட்டிருந்தது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டுக்கும் நடுவில் பாயைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். வீணை வந்தது. தந்தி எங்கே இருக்கிறது, விரல் எங்கே நகர்கிறது என்று தெரிந்தது. பிறகு அந்த அம்மா எனக்கு எதிரே, எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி நின்று பாடினார். சரணம் வருவதற்கு முன்னால் ஏழுமலை விரலைத் தூக்கினார். மூச்சு வந்தது. எனக்கே கேட்டது. அவ்வளவு பெரிய பாடகி, அடுத்த வரிக்கு எட்டுமோ எட்டாதோ என்ற பயத்தோடு இழுத்த மூச்சுபோல இருந்தது. "வந்துச்சுங்க" என்றேன். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. எங்கள் இரண்டு பேர் கண்ணும் கலங்கிவிட்டது. நான் வெட்கப்படாமல் சொல்கிறேன், என் ஆயுசில் அதற்கு மேலான ஒரு பகல் இல்லை.

அதற்குப் பிறகு எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் ஏழுமலை, "மறுபடி மூடிக்கினு இருக்குது" என்றார். ஒயரை மாற்றினார். கொஞ்ச நாள் கழித்து டப்பாவை மாற்றினார். ஸ்பீக்கர் முகத்துத் துணியைக் கிழித்து எடுத்தார். ஜன்னல் திரையைக் கழற்றினார், என் பழைய புடவைகள் இருந்த அலமாரியை இடம் மாற்றினார். புடவை சத்தத்தைக் குடிக்கிறதாம். ஒரிஜினல் சிடியே கெட்டுவிட்டது என்று அதே சிடியைத் திரும்ப வாங்கி வந்தார். எர்த்துக்குக் காலையில் ஒரு குடம் போதாது என்று சாயங்காலமும் ஊற்றச் சொன்னார். எனக்கோ பாட்டு முன்னைப் போலவேதான் இருந்தது, மூச்சும் வந்துகொண்டுதான் இருந்தது. சொன்னால், "உனக்கு எங்க தெரியப்போவுது? நூறு பாட்ட அடச்சவதானே நீ" என்பார். கிண்டலாகச் சொன்னதுதான். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வாயாடி. சாயங்காலம் கீரை ஆயும்போதோ மல்லாட்டை உரிக்கும்போதோ அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன். தண்ணி லாரியில் சண்டை, அஞ்சலை அக்கா மருமகள், சென்டர் ஓனர் பெண்ணின் கல்யாணம் என்று போகும். ஏழுமலை கதை கேட்கிற குழந்தைபோல உம் கொட்டுவார். உம்... உம்... என்று அவர் கொட்டக் கொட்ட எனக்குப் பேச்சு ஓடும். உம் நின்றால் நிமிர்ந்து பார்ப்பேன், தூங்கியிருப்பார். பெண்டாட்டி பேசுவதற்கு ஒரு மனிதர் உம் கொட்டுகிறார் என்பதை நான் அப்போது ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை.

ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது, "அஞ்சலை அக்கா வீட்டு ஆடு லாரில அடிபட்டுச் செத்துப்போச்சுங்க, பாவம்" என்றேன். "உம்... நல்லதுதானே" என்றார். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபையரில் ஏதோ திருகிக்கொண்டிருந்தார். கீரையைக் கீழே வைத்தேன். அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல், "வீடு பத்திக்கினு எரியுதுங்க" என்றேன்.

"உம்" என்றார்.

அத்தனை நாளும் மூடிக்கொண்டிருந்தது எது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காசநோய், சர்க்கரை என்றால் சொல்லிவிடலாம். பத்துப் பாட்டு போதும், முழுசாகக் கொடு என்று கேட்டு வந்த மனிதரிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது? நான் சொல்லவே இல்லை. காதில் அழுக்கு சேர்ந்திருக்கும், எடுத்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனேன்.

அங்கே ஒரு கண்ணாடி அறையில் அவரை உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, சோதனைப் பாட்டைக் கேட்கிற அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பட்டன்மேல் கட்டைவிரல் தயாராக இருந்தது. சத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று மிஷினில் விளக்கு எரிந்தது. கட்டைவிரல் அமுங்கவில்லை. மறுபடி விளக்கு, மறுபடி அமுங்கவில்லை. அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றதுபோல ஒரு கொடுமை எனக்கு வேறு இல்லை.

டாக்டர் நல்ல மனிதர். நிதானமாகப் பேசினார். கீச்சென்ற மேல்ஸ்தாயிச் சத்தமெல்லாம் கேட்காமல் போய்விட்டது, மீதியும் போய்க்கொண்டிருக்கிறது, மில் சத்தம் தின்றது திரும்ப வராது என்றார். மில்லில் காதில் எதுவும் அடைத்துக்கொள்ளவில்லையா என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டார். "பஞ்சு வச்சா, மிஷின்ல இன்னா கோளாறுன்னு சத்தத்த வச்சுக் கண்டுபுடிக்க முடியாதுங்க" என்றார் ஏழுமலை. பிறகு, "டாக்டர், இதுல எதாவது செட்டிங் இருக்குதுங்களா?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பிழிந்த பாட்டு, உடைந்த ஸ்பீக்கர். வேறு நாளாக இருந்தால் எழுந்துபோய்க் கண்டக்டரிடம் குறைக்கச் சொல்லியிருப்பார். கண்டமங்கலம் தாண்டுகிறவரைக்கும் ஜன்னலுக்கு வெளியே கரும்பையும் நெல்லையும் பார்த்துக்கொண்டே வந்தவர், என் பக்கம் திரும்பி, தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல், பஸ் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார்: "பாட்டு தொறந்துதான்மே இருந்திருக்குது. நான்தான் மூடிக்கினேன்."

கல்யாணமாகி வெளியூரில் இருக்கிற எங்கள் மகள் நல்லதாகப் பார்த்து ஒரு காதுக்கருவி வாங்கிக் கொடுத்தாள். அதில் பேச்சு கொஞ்சம் கேட்டது. பாட்டைப் போட்டால் தகரத்தைத் தரையில் இழுக்கிறமாதிரி இருக்கிறது என்று கழற்றிவிட்டார். கொஞ்ச நாள் என் காதில் கேட்டார். என்னைப் பாயில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். சரணத்துக்கு முன்னால் நான் விரலைத் தூக்க வேண்டும். தூக்குவேன். அவர் தலையை ஆட்டுவார். சில நாள் அவர் எதிரிலேயே எனக்கு அழுகை வந்துவிடும், அதைப் பாட்டுக்காக என்று நினைத்துக்கொள்வார். பிறகு ஒரு நாள், "போதும், கரண்டு வேஸ்ட்டு" என்று எழுந்துபோய்விட்டார். மில்லையும் விட்டாயிற்று. கருவி அலமாரியில் பெட்டிக்குள் கிடக்கிறது. இப்போது அவருக்குச் சுத்தமாகக் கேட்பதில்லை. முன்வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்தபடி இருப்பார். கோபம் இல்லை, சண்டை இல்லை. கேட்கிறமாதிரி இனி நடிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டதால் உம் கொட்டுவதையும் விட்டுவிட்டார்.

நானும் எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டேன். யாருக்கு ஊற்றுவது? அஞ்சலை அக்காவும் மகன் வீட்டோடு போய்விட்டார், வெள்ளிக்கிழமை உப்பும் நின்றது. குழி காய்ந்தது. காயக் காய, அந்தப் பழைய சத்தம் ஸ்பீக்கருக்குத் திரும்ப வந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் கீரையை எடுத்துக்கொண்டு நான் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குப் போய்விடுவேன். பாட்டு எதுவும் போட மாட்டேன். ஆம்ப்ளிஃபையரை மட்டும் ஆன் பண்ணுவேன். அது உம்ம்ம் என்று இருக்கும். நான் பேசுவேன். தண்ணி லாரி, மாவு மிஷின், மகள் போனில் சொன்னது, அவர் இன்றைக்குச் சோறு குறைவாகச் சாப்பிட்டது. அது உம் கொட்டும். நிறுத்தாமல் கொட்டும், தூங்கவும் தூங்காது. இரண்டு வருஷத்துக்கும் மேலாக எனக்கு உம் கொட்டிக்கொண்டிருந்தது அதுதான்.

கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்று கரண்ட் அடிக்க ஆரம்பித்திருந்தது. போன வாரம் இன்வெர்ட்டர் மாட்ட வந்த ஜோதியிடம் அதை மட்டும்தான் சொன்னேன். ஸ்பீக்கரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நான் ஊற்றிய அந்த ஒரு குடம் தண்ணீருக்கு எர்த்து உயிர் பெறவில்லை என்று ஜோதி பழைய குழாயைப் பிடுங்கிப்போட்டார். கரியையும் உப்பையும் வாரி மதில் ஓரம் கொட்டினார். புதிதாகத் துளை போட்டு, ரெடிமேடாக வருகிற செம்புக் கம்பி ஒன்றை இறக்கி, மூட்டையிலிருந்து கறுப்பாக ஒரு மாவைக் கொட்டி மூடினார். "கெமிக்கல் எர்த்தும்மா. இனிமே தண்ணியே ஊத்த வேணாம். அது பாட்டுக்கு இருக்கும்" என்றார்.

அப்புறம் உள்ளே வந்து, பழைய ஞாபகத்தில் அவராகவே ஆம்ப்ளிஃபையரை ஆன் பண்ணி ஸ்பீக்கரில் காதை வைத்தார். "பாத்தியாம்மா, ஒரு சத்தம் இல்ல. சுத்தமா கீது" என்று என்னையும் கூப்பிட்டார். நானும் குனிந்து காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டரில் மேலாகக் கிடந்த பாட்டை ஜோதி தட்டினார். அது அந்தப் பாட்டுதான். வீணை வந்தது, குரல் வந்தது, சரணத்துக்கு முன்னால் மூச்சும் வந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு துல்லியமாக அது வந்ததே இல்லை. ஏழுமலை ஆசைப்பட்டதெல்லாம் இதுதான். "அண்ணனக் கூப்புடும்மா" என்று சொல்ல வாயெடுத்த ஜோதி, அப்படியே நிறுத்திக்கொண்டு பாட்டை அணைத்தார்.

ஜோதி போன பிறகு கீரையை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஆம்ப்ளிஃபையரில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வாசலில் அவருடைய முதுகு தெரிந்தது. "எர்த்து மாத்தியாச்சுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். வாசலில் இருந்தும் உம் வரவில்லை, ஸ்பீக்கரில் இருந்தும் வரவில்லை. கீரையை ஆய்ந்து முடித்தேன்.